வேரியாக்ஸ், ரோபோ கிட்டார், ஜிகே: பேட்டரி செத்த பிறகு எது பாடும்?

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றின் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பி (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இதுதான்), மூன்று நான்கு குமிழ்கள், ஒரு கெப்பாசிட்டர், ஒரு சுவிட்ச். அவ்வளவுதான். எது போனாலும் சால்டரிங் தெரிந்த ஒருவர் அரை மணி நேரத்தில் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். இதற்குள் சிப்பும் மென்பொருளும் நுழைந்த பிறகு கதை வேறு. மரம் நம் பேரன் காலம் வரைக்கும் தாங்கும். சிப் உட்கார்ந்திருக்கும் போர்டு?

எல்லா டிஜிட்டல் கிட்டாரையும் இங்கே வரிசைப்படுத்தப் போவதில்லை. மூன்று வழிகளை மட்டும் பார்ப்போம். மூன்றும் தங்கள் மூளையை வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கின்றன.

முதலில் அதிகம் கேலிக்குள்ளானது. 2007 டிசம்பரில் அமெரிக்க கிட்டார் நிறுவனமான கிப்சன் தன் ரோபோ கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் டிரானிக்கல் நிறுவனத்துடைய நுட்பம். ஒரு குமிழை இழுத்துவிட்டு ஆறு தந்திகளையும் ஒருமுறை மீட்டினால், தலைப்பக்கத்து மோட்டார்கள் கிர்ரென்று சுற்றிச் சுருதி சேர்த்துவிடும். வீணைக்காரர்கள் பிருடையோடு படும் பாட்டை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கும். பிறகு டார்க் ஃபயர், டஸ்க் டைகர், ஃபயர்பர்ட் எக்ஸ் என்று ஒவ்வொன்றிலும் மின்னணுச் சமாச்சாரம் கூடிக்கொண்டே போனது. 2015ல் கிப்சனின் அமெரிக்கத் தயாரிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஜி-ஃபோர்ஸ் என்ற தானியங்கி ட்யூனரைக் கேட்காமலே மாட்டிவிட்டார்கள், விலையையும் ஏற்றினார்கள். வாசிப்பவர்கள் முகம் சுளித்ததில், அடுத்த ஆண்டே அது ஒரு வரிசைக்கு மட்டும் என்று சுருங்கியது. 2018 மே மாதம் நிறுவனமே திவால் பாதுகாப்புக்குப் போனது. நூற்றுக்கணக்கான ஃபயர்பர்ட் எக்ஸ் கிட்டார்களைத் தரையில் பரப்பி, பொக்லைன் மாதிரி ஒரு வண்டியை அவற்றின் மேல் ஏற்றி நொறுக்கும் வீடியோ 2019ல் பரவியது. சரிசெய்ய முடியாதவை, பாதுகாப்பற்ற பாகங்கள் கொண்டவை என்று கிப்சன் விளக்கம் சொன்னது. பார்க்க மனசு வலித்தது என்னவோ நிஜம்.

ஆனால் ஜி-ஃபோர்ஸ் மாட்டிய கிட்டார் இன்று மலிவாகக் கிடைத்தால் நான் தயங்க மாட்டேன். அந்தப் பெட்டி ஹெட்ஸ்டாக்கின் (கிட்டாரின் தலைப்பக்கம்) பின்னால் உட்கார்ந்திருக்கிறது, துளை போடாமல் மாட்டும்படி செய்யப்பட்டது. மோட்டார் செத்தால் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரண ட்யூனர் போட்டுக்கொள்ளலாம். பிக்கப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபயர்பர்ட் எக்ஸ் அப்படியல்ல. ஒலிமாற்றும் சாமான்களை உடம்புக்குள்ளேயே திணித்த கிட்டார் அது. அதைக் காட்சிக்கு வைக்கலாம், நம்பி மேடை ஏற முடியாது.

அடுத்தது லைன் 6 நிறுவனத்தின் வேரியாக்ஸ். மூன்றில் என் மனதுக்கு நெருக்கமானதும், என்னை அதிகம் பயமுறுத்துவதும் இதுதான். தந்திகள் உடம்பின் மேல் தாங்கி நிற்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும், அதிர்வை மின்சாரமாக்கும் ஒரு பீசோ உணரி. உள்ளிருக்கும் செயலி அந்த ஒலியை வாங்கி ஸ்ட்ராட், லெஸ் பால் போன்ற புகழ்பெற்ற கிட்டார்களாகவும் பன்னிரண்டு தந்தி கிட்டாராகவும் மாற்றித் தரும், ஏன், சித்தாராகக்கூட. 2000களில் வந்த 300, 500, 600, 700 மாடல்களில் காந்த பிக்கப்பே கிடையாது. அதாவது போர்டு போனால் கிட்டார் ஊமை. வேறு வழியே இல்லை.

2010ல் வந்த வேரியாக்ஸின் ஜேம்ஸ் டைலர் வரிசையில் இந்தத் தவறைத் திருத்தினார்கள். காந்த பிக்கப்பும் சேர்ந்தது, பேட்டரி தீர்ந்தாலும் அது பாடும். ஆனால் ஒரு கதவைத் திறந்தவர்கள் இன்னொன்றை மூடிவிட்டார்கள். பழைய 500க்கு ஆறு ஏஏ பேட்டரி போதும், பெட்டிக்கடையிலும் கிடைக்கும். புதியதற்கு அந்த நிறுவனத்தின் தனி வடிவ லித்தியம் பேட்டரியே வேண்டும். என் கையிலிருந்த வேறொரு கருவியில் (பெயர் வேண்டாம்) இப்படிப்பட்ட பேட்டரி நாலாவது வருடம் வீங்கி, பெட்டியை விட்டு வெளியே வர மறுத்தது. வெண்ணெய்க் கத்தியை வைத்து நெம்பிய அந்தப் பத்து நிமிடம் மூச்சே விடவில்லை. மாற்று பேட்டரி கேட்டால், அந்த மாடல் நின்றுவிட்டது என்று ஒரே வரியில் பதில்.

வேரியாக்ஸை அதே குடும்பத்து எஃபெக்ட் (ஒலிமாற்றும்) பெட்டியோடு இணைப்பது, வீட்டு இன்டர்நெட்டுக்குப் போடுகிறோமே, அதே மாதிரி வயர். அது நல்லதுதான், எங்கும் வாங்கலாம், மின்சாரமும் அதன் வழியே வந்துவிடும். ஆனால் அதன் பிளாஸ்டிக் நாக்கு எத்தனை முறை வளைந்தால் உடையும் என்று உங்களுக்கே தெரியும். ஒலிகளைத் திருத்த ஒர்க்பெஞ்ச் என்ற கணினி மென்பொருள் வேறு இருக்கிறது. கணினி மாறும்போதெல்லாம் அதுவும் கூடவே மாறியாக வேண்டும். லைன் 6 இப்போது யமஹாவின் கையில் இருப்பது கொஞ்சம் ஆறுதல்.

மூன்றாவது ரோலண்ட், பாஸ் நிறுவனங்களின் ஜிகே. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆறு தந்திக்கும் தனித்தனியாகக் கேட்கும் ஒல்லியான பிக்கப், கிட்டாரின் மேல் ஒரு சின்னப் பெட்டி. மூளை முழுக்க வெளியே, காலடியில். ஜிகே-3 மாடலில் கிட்டாரில் பேட்டரிகூடக் கிடையாது, 13 முனை வயரிலேயே மின்சாரம் ஏறி வரும். காலடியில் இருக்கும், கிட்டாரை வேறு வாத்தியங்களாக ஒலிக்கவைக்கும் சின்தசைசர் பெட்டி பழசானால் அதை மட்டும் மாற்றினால் போதும், கிட்டார் அப்படியே இருக்கும்.

இவர்களை நான் மெச்சுவது இன்னொரு விஷயத்துக்காக. 1980ல் வந்த ரோலண்டின் கிட்டார் சின்தசைசர் ஜிஆர்-300 காலத்தில் 24 முனை வயர். 13 முனைக்கு மாறியபோது பழையதைப் புதியதோடு இணைக்க பிசி-13 என்ற பெட்டியை விற்றார்கள். 2023ல் சீரியல் ஜிகே என்ற புது டிஜிட்டல் இணைப்பு வந்தபோதும் இரண்டு திசைக்கும் மாற்றுப் பெட்டிகள் போட்டார்கள். ஜிஆர்-300ன் ஒலியே பாஸின் எஸ்ஒய்-1000 பெட்டிக்குள் மறுபடி கிடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. 13 முனை வயர் தடிமனானது, மேடையில் யாராவது மிதித்தால் அதன் செருகிதான் முதலில் ஆட்டம் காணும். சின்தசைசர் ஒலிகளில் கொஞ்சம் தாமதமும் உண்டு. அடித்தந்தியின் ஈ சுரம் நொடிக்கு 82 அதிர்வு. ஒரு சுற்று முடியவே 12 மில்லிநொடி ஆகிறது, அதைக் கேட்காமல் எந்தச் சிப்பும் சுரத்தைச் சொல்ல முடியாது. வேகமாக வாசிப்பவர்கள் எரிச்சல்படுவது நியாயம்.

பத்து வருடம் கழித்தும் வாசிக்க வேண்டும் என்றால் நான் ஜிகேயைத்தான் எடுப்பேன். ஒரே கிட்டாரில் இருபது ஒலி வேண்டும், காலடியில் பெட்டி ஆகாது என்பவர்களுக்கு வேரியாக்ஸ்தான், அதுவும் காந்த பிக்கப் உள்ள மாடல். பழையதை வாங்கப் போனால் விற்பவர் முன்னாலேயே பேட்டரியைக் கழற்றி மேசை மேல் வையுங்கள். அப்புறம் சாதாரண வயரைச் செருகி, ஆறு தந்தியையும் தட்டிப் பாருங்கள். அப்போது கேட்கும் சத்தத்துக்கு மட்டும் விலை பேசுங்கள்.