ஏற்காடு அடிவாரத்தில் ஒரு ராணுவப் பயிற்சிக் கூடம்: சிலம்பத்தையும் தியானத்தையும் நம்பிச் சேரலாமா?

அக்னிவீர் தேர்வுக்குப் பையன்களைத் தயார் செய்யும் இடங்கள் சேலத்தில் பல உண்டு. அடிவாரம் பக்கம் இருக்கும் இந்தக் கூடத்தில் ஓட்டம், புல்லப்ஸோடு தினமும் சிலம்பமும் சொல்லித் தருகிறார்கள், மாலையில் அரை மணி நேரம் மௌனமாக உட்கார வைக்கிறார்கள். கம்பு சுற்றினால் ஆர்மியில் மார்க் கிடைக்குமா என்றுதான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். கிடைக்காது. அதைச் சேர்க்கும்போதே ஆசான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். வேலை நிச்சயம் என்று சொல்லி மொத்தமாகப் பணம் கேட்பதும் இங்கே இல்லை, மாதாமாதம் கட்டலாம்.

திடலில் மதிப்பெண் தருபவை இரண்டுதான். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60, புல்லப்ஸ் 10 எடுத்தால் 40. 9 அடிப் பள்ளம் தாண்டுவதிலும் வளைந்து செல்லும் கட்டைமேல் நடப்பதிலும் தேறினால் போதும். நேர வரம்புகளில் அவ்வப்போது மாற்றம் வருவதால், கோவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் அந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். சேலம் மாவட்டம் அந்த அலுவலகத்தின் கீழ்தான் வருகிறது.

ஓட்டப் பயிற்சி நன்றாக இருக்கிறது. 400 மீட்டர் சுற்று நான்கு, சுற்றுக்கு 82 விநாடி என்று கணக்கு. பெரும்பாலான பையன்கள் முதல் சுற்றை 70 விநாடியில் பறந்துவிட்டு மூன்றாவது சுற்றில் கால் கனத்துப் போகிறார்கள். அதைத் திருத்தத்தான் வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டரை 80 விநாடியில் ஆறு முறை ஓடவிட்டு, இடையில் இரண்டு நிமிடம் நடக்க வைக்கிறார்கள். மலைச்சாலையில் ஏற்றம் மட்டும் ஓடலாம், இறக்கத்தில் நடந்துதான் வரவேண்டும். சரியான விதி. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் முன்னங்கால் எலும்பு அதிர்ச்சி வாங்கும், இரண்டே வாரத்தில் அந்த எலும்பில் வலி பிடித்துக்கொள்ளும். ஆனால் விடியுமுன் கொண்டை ஊசி வளைவுச் சாலையில் ஒளி பிரதிபலிக்கும் மேலுடை இல்லாமல் ஓடவிடுவதை ஏற்க முடியாது. புல்லப்ஸ் கம்பிகள் போதவில்லை. கையை முழுக்க நீட்டித் தொங்கி, தாடை கம்பிக்கு மேல் வந்தால்தான் எண்ணுகிறார்கள் என்பது நல்ல விஷயம்.

சிலம்பம்தான் இந்தக் கூடத்தின் உயிர். முதல் பதினைந்து நாள் கம்பே கிடையாது, செம்மண் தரையில் வெறுங்காலோடு காலடி மட்டும். உடல் எடை முன்பாதத்தில் நிற்க வேண்டும், முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. வளைகட்டையில் தடுமாறும் பையன்களுக்கு இது நேரடியாக உதவும். பிறகு சலாம் வரிசை என்கிற வணக்க அடவுகள், அதற்கப்புறம்தான் கம்பு வீச்சு. புதியவர்கள் தோளிலிருந்து சுற்றப் பார்ப்பார்கள், முழங்கை வலி அதனால்தான் வருகிறது. மணிக்கட்டில் சுழற்சி பழகும்வரை ஆசான் வேகம் கூட்ட விடுவதில்லை. பிடி இறுகுவதால் புல்லப்ஸுக்கும் லாபம்.

கம்பை மட்டும் அங்கே வாங்காதீர்கள். விற்பது ஈரம் காயாத மூங்கில். காயும்போது சுருங்கிக் கணுவுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் விரிசல் விடும். ஜோடிப் பயிற்சியில் அந்த விரிசல் சிலாம்பாகத் தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து. நெற்றி உயரத்துக்கு, ஒரு அங்குலத்துக்கு மிகாத பருமனில், நன்றாக முற்றிய கம்பாக வெளியே பாருங்கள். நிழலில் காயவைத்து, கணுக்களை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் தடவி ஊறவிட்டுப் பயன்படுத்துங்கள். சேலத்து வெயிலில் போட்டால் நல்ல கம்பும் வெடித்துவிடும்.

மாலை மௌனப் பயிற்சிக்கு வருவோம். கம்பைத் தரையில் கிடத்தி, மண்ணைத் தொட்டு வணங்கி உட்காருகிறார்கள். நான்கு எண்ணிக்கை மூச்சை இழுத்து, எட்டு எண்ணிக்கை விடுகிறார்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது, நடுங்கும் கை அடங்குகிறது. முடிந்ததும் எழுந்து வேகமான ஜோடிச் சண்டை. நடுவில் ஆசான் எதிர்பாராத நேரத்தில் ‘நிறுத்து’ என்பார். எதிராளியின் தலைக்கு ஒரு சாண் முன்னால் கம்பு நின்றுவிட வேண்டும். நிற்காதவர் மறுபடி மூச்சுக்குப் போய் உட்கார வேண்டும். தியானத்தையும் அடியையும் இப்படி ஒன்றாகக் கோத்திருப்பதுதான் இங்கே நாங்கள் மனதாரப் பாராட்டுவது.

ராணுவத்துக்கு வேண்டியதும் இந்த அடக்கம்தான். இரு நாட்டுக்கும் இடையிலான மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து (LAC) 2 கிலோமீட்டருக்குள் துப்பாக்கி வெடிக்கக்கூடாது என்று இந்தியாவும் சீனாவும் 1996-இல் ஒப்பந்தம் செய்தன. 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் கொடுத்த மோதல் கைகலப்பாக நடந்ததுதான். ‘அமர்’ என்ற தற்காப்புக் கலை வரிசையை நம் ராணுவம் இப்போது பயிற்றுவிக்கிறது. அமெரிக்க மரைன் படையின் தற்காப்புக் கலைத் திட்டமும் உடல், மனம், ஒழுக்கம் மூன்றையும் சேர்த்தே வைத்திருக்கிறது. நீலகிரி வெலிங்டனில் பயிற்சி மையம் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டின் குறிக்கோள் வாசகம், தன் கடமையைச் செய்து மாள்வதே மேல் என்கிற கீதை வரியிலிருந்து வந்தது. ‘அடி கொல்லு’ என்று முழங்கும் படைக்கு அந்த வரியும் தேவைப்படுகிறது.

திருநீறு பூசச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் மண்ணைத் தொடாமல் நெஞ்சில் கைவைத்து நிற்கலாம். பல மதத்தவரும் ஒரே கூரையின்கீழ் வழிபடும் சர்வ தர்ம ஸ்தலமும், அவரவர் புனித நூல் சாட்சியாக உறுதிமொழி எடுப்பதும் ராணுவத்தில் வழக்கம். அதற்கு இங்கேயே பழகிவிடுகிறார்கள்.

ஞாயிறு சொற்பொழிவுதான் எங்களுக்கு ஒப்பவில்லை. வெளியிலிருந்து வரும் பேச்சாளர், மந்திர பலம் இருந்தால் ஆயுதம் தீண்டாது, வர்மப் புள்ளியை விரலால் தொட்டாலே ஆள் சாய்ந்துவிடுவான் என்கிறார். பதினெட்டு வயதுப் பிள்ளை இதை நம்பிவிட்டால் மறைந்து நகரவும் மாட்டான், தற்காப்புக் கவசத்தையும் மதிக்க மாட்டான். பக்தி பயத்தை ஆற்றும், பதற்றத்தில் கற்றதை மறக்காமல் இருக்க உதவும். அதற்குமேல் அதன் தலையில் ஏற்றுவது பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது. ஆசான் இப்படி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவரே இந்த மேடையை நிறுத்தினால் நல்லது.

எழுத்துத் தேர்வுக்கு இங்கே பாடமே இல்லை. இணையவழித் தேர்வில் தேறியவர்களுக்குத்தான் திடலுக்கு அழைப்பு வரும் என்பதால் கணக்கு, பொது அறிவுக்கு வேறு ஏற்பாடு கட்டாயம். தேர்வுக்கு ஆறு மாதமாவது இருந்தால் சேருங்கள். ஒரு மாதம்தான் மீதி என்றால் சிலம்பத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஓட்டமும் புல்லப்ஸும் மாலை மூச்சுப் பயிற்சியும் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தருகிறார்கள்.