எம்எக்ஸ்-5க்கு நான்கு த்ராட்டிலா, ஒரு டர்போவா?

மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை கார் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: வளைவுகளில் ஓட்ட அவ்வளவு சுகம், ஆனால் பவர் பத்தாது. 1989-இல் வந்த 1.6 லிட்டர் இன்ஜினுக்குச் சுமார் 115 குதிரைத்திறன். பிறகு வந்த 1.8-க்குச் சுமார் 130. இதைக் கூட்ட நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம், எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவா, சிலிண்டருக்கு ஒன்று வீதம் தனித்தனி த்ராட்டில் பாடியா (காற்றைத் திறந்து விடும் தட்டும் அதன் உறையும், சுருக்கமாக ஐடிபி) என்பதுதான்.

பவர் மட்டும்தான் வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், டர்போதான். மிதமான பூஸ்ட்டிலேயே (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) 1.8 இன்ஜின் 200 குதிரைத்திறனை ஒட்டி வந்துவிடும். ஐடிபியை மட்டும் மாட்டிவிட்டு கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), கம்ப்ரஷன், எக்ஸாஸ்ட் எதையும் தொடாமல் விட்டால் கிடைப்பது சொற்பம். அந்தச் செலவுக்கு அது கட்டுப்படியாகாது.

அப்படியென்றால் ஐடிபி எதற்கு? ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் எப்படிப் பதில் சொல்கிறது என்பதற்காக. ஒற்றை த்ராட்டில் திறக்கும்போது, காற்று முதலில் பிளீனம் என்ற பொது அறையை நிரப்பிவிட்டுத்தான் சிலிண்டருக்குப் போகிறது. ஐடிபியில் த்ராட்டில் தட்டு வால்வுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்தத் தாமதம் இல்லை. அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமுள்ள ரேஸ் கேம் போட்டால், குறைந்த ஆர்பிஎம்மில் எக்ஸாஸ்ட் வாயு இன்டேக் பக்கம் திரும்பி வரும். பொது பிளீனத்தில் அது பக்கத்து சிலிண்டரையும் கெடுத்து, ஐட்லிங்கைத் தள்ளாட வைக்கும். தனித்தனி த்ராட்டிலில் அந்தத் தொல்லை அந்தந்தச் சிலிண்டரோடு நின்றுவிடும். பெரிய கேமோடு சேர்ந்து வரும்போதுதான் ஐடிபிக்கு அர்த்தம்.

கம்பெனிகளும் இதைத் தெரிந்துதான் செய்தார்கள். டொயோட்டாவின் 20 வால்வு 4ஏ-ஜிஇ, 1991-இல் நான்கு த்ராட்டிலோடு 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் தந்தது. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 இன்ஜினில் ஆறு த்ராட்டிலும் உண்டு, இரட்டை டர்போவும் உண்டு. ஆக இரண்டும் ஜென்மப் பகை ஒன்றும் இல்லை. நம் பட்ஜெட்தான் அவற்றை எதிரெதிரே நிறுத்துகிறது.

டியூனிங்கில் ஐடிபி பொறுமையைச் சோதிக்கும். பழைய ஏர்ஃப்ளோ மீட்டரைக் கழற்றிவிட்டு, புரோகிராம் செய்யக்கூடிய ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போட்டாக வேண்டும். மேனிஃபோல்டு பிரஷர் துடித்துக்கொண்டே இருப்பதால், பெரும்பாலும் த்ராட்டில் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்தே பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பார்கள். தட்டு லேசாகத் திறந்ததுமே காற்று குபீரென்று பாயும். அதனால் ஃப்யூல் மேப்பில் (பெட்ரோல் அளவுக்கான அட்டவணை) முதல் சில டிகிரிகளுக்கே நிறைய கட்டங்கள் வேண்டும். இல்லையென்றால் டிராஃபிக்கில் கார் வெட்டி வெட்டிப் போகும். அப்புறம் நான்கையும் ஒத்துப்போக வைக்கும் வேலை. காற்றளவு மீட்டரை ஒவ்வொரு ட்ரம்பெட் (த்ராட்டிலின் முன்னால் இருக்கும் புனல் வடிவக் குழாய்) வாயிலும் வைத்துப் பார்த்து, இணைப்பு ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். பைக்கிலிருந்து எடுத்த பழைய த்ராட்டில் செட் மலிவுதான், ஆனால் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் அங்கே காற்று கசிந்து, எந்த செட்டிங்கும் நிற்காது.

டர்போவின் தொல்லை வேறு வகை: சூடு, இன்டர்கூலர் குழாய்கள், ஆயில் லைன்கள். எகிறும் டார்க்கை (சுழற்றும் விசை) கனெக்டிங் ராடும் கியர்பாக்ஸும் தாங்க வேண்டும். ஆரம்பகால 1.6 கார்களின் சின்ன டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தருவது) அதில் அடிக்கடி பலியாகும். ஐடிபியில் பவர் மேல் ஆர்பிஎம்மில்தான் வருகிறது, டார்க் பெரிதாக ஏறாது. அதனால் இவை பிழைத்துக்கொள்ளும்.

தினமும் ஓட்டும் கார், நெடுஞ்சாலையில் முந்த வேண்டும் என்றால் டர்போவே போதும். ட்ராக்கிலும் மலைப்பாதையிலும் ஓட்டும் கார் என்றால் என் ஓட்டு ஐடிபிக்கு. வளைவின் நடுவில் பாதத்தை ஒரு நூல் அசைத்தால் காரும் அதே அளவு அசையும் அந்தத் துல்லியத்தை எந்த டர்போவும் தந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வாங்கும் வரிசை முக்கியம்: முதலில் ஈசியு, பிறகு ஹெடரும் (இன்ஜினிலிருந்து வரும் எக்ஸாஸ்ட் குழாய்கள்) கேமும், கடைசியில் த்ராட்டில். கூடவே, குளிர்ந்த காற்றை எடுக்கும் மூடிய ஏர்பாக்ஸுக்கும் ஃபில்டருக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள். வாய் திறந்த ட்ரம்பெட் படத்துக்கு அழகு, உள்ளே போகும் தூசியோ சிலிண்டர் சுவரைத் தேய்த்துவிடும்.