'மன அழுத்தம்' என்று எழுதினால் போதுமா? வார்டுக்கு எந்தக் கேள்வித்தாள்

தஞ்சாவூர்ப் பக்கம் வார்டில் ஒருவரிடம் "மன அழுத்தம் இருக்கிறதா" என்று கேட்டுப் பாருங்கள். சொசைட்டிக் கடன் தவணை நெருங்கும்போது வரும் தவிப்பும் அவருக்கு மன அழுத்தம்தான். மூன்று வாரமாக முகம் கழுவக்கூட மனமில்லாமல் கிடப்பதும் மன அழுத்தம்தான். பேச்சில் ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுகிறது. நர்சிங் மதிப்பீட்டில் அப்படி ஓடவிடக் கூடாது. நெருக்கடி வேறு, மனச்சோர்வு வேறு, நெருக்கடியை ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பது வேறு. கேஸ் ஷீட்டில் "மன அழுத்தம் உள்ளது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனால், அடுத்த ஷிப்டுக்கு வருகிற சிஸ்டருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது.

நர்சிங் மாணவிகள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் டாஸ்-21 (DASS-21) என்ற கேள்வித்தாள். ஆஸ்திரேலியாவில் 1995-ல் வெளியான 42 கேள்வித் தாளின் சுருக்கம் அது. மனச்சோர்வு, பதற்றம், நெருக்கடி மூன்றுக்கும் தலா 7 கேள்விகள், எல்லாம் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. கூட்டி வரும் எண்ணை 2-ஆல் பெருக்க வேண்டும் (பலர் மறப்பது இதைத்தான்). காசு கொடுக்க வேண்டாம், ஒரே தாளில் மூன்று விடை. ஆய்வுக்கு நல்ல தாள், மறுக்கவில்லை.

வார்டில் அது என்னை ஒருமுறை கைவிட்டது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அதற்குச் சில வாரம் கழித்து, சர்க்கரையால் காலில் புண்ணோடு ஒரு தென்னை விவசாயி நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனையில் சேர்ந்தார். டாஸ்-21 கேட்டேன். மனச்சோர்வு நடுத்தரம் என்று வந்தது. எழுதி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை அவர் மனைவி என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், "ராத்திரி பூரா, நான் இருந்து என்ன புண்ணியம், போய்ச் சேர்ந்துடுறேன்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க சிஸ்டர்" என்றார். அன்றே மனநல மருத்துவர் வந்து பார்த்தார். விவசாயி தேறி வீட்டுக்குப் போனார். ஆனால் நான் கேட்ட 21 கேள்விகளில் ஒன்றுகூடச் சாவைப் பற்றி இல்லை. வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்று தோன்றியதா என்பதோடு அந்தத் தாள் நின்றுவிடுகிறது.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 (PHQ-9) தாள் அங்கே நிற்பதில்லை. 2001-ல் வந்தது, 9 கேள்விகள், கடந்த 2 வாரத்தைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ நினைப்பு வந்ததா என்று நேராகவே கேட்கிறது. அதில் 0 இல்லாத எந்தப் பதிலும் மொத்த மதிப்பெண்ணைவிட முக்கியம். மொத்தம் 6 என்றாலும் அங்கேயே உட்கார்ந்து மேற்கொண்டு பேச வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று புதிதாக வரும் சிஸ்டர்கள் பயப்படுகிறார்கள். கிளப்பாது. கேட்டதில் நெஞ்சு லேசானது போல அழுதவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். டெல்டாவில் இன்னொரு கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்: வீட்டில் பூச்சி மருந்து எங்கே இருக்கிறது? டிஸ்சார்ஜுக்கு முன்பே அதை உறவினர் வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் எண் 14416-ஐ நோயாளியின் போனிலும் வீட்டாரின் போனிலும் பதிந்து கொடுங்கள்.

பி.எச்.க்யூ-9-இலும் குறை உண்டு. தூக்கம், அசதி, பசி மூன்றையும் இது எண்ணுகிறது. நடவு நேரத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் பெண்ணிடம் அசதியா என்று கேட்டால் தினமும் என்றுதான் சொல்வார். டாஸ்-21-இன் பதற்றக் கேள்விகளிலும் இதே சிக்கல்: வாய் உலர்வது, மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது. ஆஸ்துமாக்காரருக்கும் சர்க்கரைக்காரருக்கும் அங்கே மதிப்பெண் தானாக ஏறும். எண்ணை மட்டும் பார்க்காமல் எந்தக் கேள்வியில் ஏறியது என்று பாருங்கள்.

பி.எச்.க்யூ-9-இல் "பாதி நாட்களுக்கு மேல்" என்ற பதில் வாய்ப்பும் பலருக்குப் பிடிபடாது. நான் "அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவுல இருக்கிற அளவு, போன 15 நாள்ல எத்தனை நாள்" என்று கேட்கிறேன். 15 நாள் கணக்கு அவர்கள் விரல் நுனியில் இருக்கிறது. தாளின் சொல்லை மாற்றாமல் ஒருமுறை படித்துக் காட்டிய பிறகுதான் இந்த விளக்கம்.

நெருக்கடியை மட்டும் பார்க்க பி.எஸ்.எஸ்-10 (PSS-10) என்ற தாள் போதும். 1983-ல் 14 கேள்விகளோடு வந்ததன் சுருக்கம், கடந்த ஒரு மாதத்தைப் பற்றியது. 4, 5, 7, 8 ஆகிய கேள்விகளின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்கிக் கூட்ட வேண்டும். நைட் டியூட்டி முடிகிற நேரத்தில் அந்தக் கணக்கைச் செய்யாதீர்கள். இதற்கு நோய் என்று சொல்லும் எல்லைக்கோடு கிடையாது. மேட்டூர்த் தண்ணீர் ஜூன் 12-ல் திறக்காத வருடத்தில் ஊரே அதிக மதிப்பெண் வாங்கும், அது நோய் ஆகாது. அதே ஆளிடம் ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கேட்டு ஒப்பிடத்தான் இது உதவும்.

சமாளிக்கும் விதத்துக்கு ப்ரீஃப் கோப் என்று 28 கேள்வித் தாள் 1997-லிருந்து இருக்கிறது. 14 வழிகள், வழிக்கு 2 கேள்வி. மொத்த மதிப்பெண் போடுவது இதில் தவறு. சாமியிடம் போவதும் குடிப்பதும் திட்டம் போடுவதும் ஒரே கூட்டலில் சேருமா? 28 கேள்வியைக் கட்டிலருகே நின்று கேட்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை. அந்த 14 தலைப்புகளையும் மனதில் வைத்துக்கொண்டு பேச்சுக்கொடுக்கிறேன். வைத்தீஸ்வரன்கோயிலுக்கோ வேளாங்கண்ணிக்கோ நாகூருக்கோ வேண்டிக்கொண்டதாகச் சொல்பவரிடம் யாரோடு போனீர்கள் என்று கேட்பேன். குடும்பத்தோடு போனவருக்கு ஆள் துணை இருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போனவரை நான் கூடுதலாகக் கவனிப்பேன். "எல்லாம் நான் பண்ண பாவம்" என்ற பேச்சை நாம் பக்தி என்று விட்டுவிடுகிறோம். அந்தத் தாளில் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வது தனித் தலைப்பு. அதைக் கேட்டால் நான் உடனே பி.எச்.க்யூ-9 எடுக்கிறேன்.

முதல் தாள் என்று ஒன்றைத்தான் ஜெராக்ஸ் போட முடியும் என்றால் என் தேர்வு பி.எச்.க்யூ-9தான். பிரசவ வார்டு மட்டும் விதிவிலக்கு. அங்கே பிரசவித்த தாயின் மனச்சோர்வைப் பார்க்கும் எடின்பரோ தாள், 1987-ல் வந்தது, 10 கேள்விகள், கடந்த 7 நாள். பச்சைக் குழந்தைக்காரியிடம் தூக்கம் வருகிறதா என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்து, மனம் நொந்து தூக்கம் கெட்டதா என்று அது கேட்கிறது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் அதில் பத்தாவது கேள்வி. மாமியார் பக்கத்தில் இருந்தால் பத்துக்கும் ஒரே பதில்தான் வரும். "பாட்டி, பிள்ளையைக் கொஞ்சம் வெயில்ல காட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டுத்தான் நான் முதல் கேள்வியைத் தொடங்குவது.