தேக்கடி: எல்லை மலையேற்றமா, மூங்கில் தெப்பமா, மூணு மணி நேர நடையா?

தேக்கடிக்குப் போகிற நிறையப் பேர் படகுச் சவாரியோடு திரும்பிவிடுகிறார்கள். படகில் உட்கார்ந்தால் ஏரி நன்றாகத் தெரியும், ஆனால் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் நடக்க வேண்டுமென்றால் வனத்துறை அனுப்பும் வழிகாட்டியோடு சின்னக் குழுவாகத்தான் போக வேண்டும். பகலில் போய்த் திரும்ப எல்லை மலையேற்றம், மூங்கில் தெப்பப் பயணம், மூன்று மணி நேரக் காட்டு நடை என்று முக்கியமாக மூன்று இருக்கின்றன. உடம்பு ஒத்துழைக்கும் என்றால் என் ஓட்டு முதலாவதுக்குத்தான்.

காரணம், மலை என்று சொல்ல அதில்தான் மலை இருக்கிறது. சுமார் 900 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர் வரை ஏறி இறங்கும் முழுநாள் நடை, பாதை கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியே போகும். மரங்கள் அடர்ந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கி வாங்கி ஏறி, புல்வெளி முகட்டில் வந்து நின்றால் ஒரு பக்கம் ஈரமான கரும்பச்சைக் காடு, மறுபக்கம் கீழே கூடலூர், கம்பம், வயல்கள், திராட்சைத் தோட்டங்கள். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் இதே மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத்தான் அந்தத் தோட்டங்களுக்கு இறங்குகிறது. பாடப்புத்தகத்தில் படித்த மழைமறைவுப் பிரதேசம் அங்கே நின்றால் ஒரே பார்வையில் புரிந்துவிடும். ஆனால் ஒன்று, யானை பார்த்தே தீர வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது சரிப்பட்டு வராது. ஏற்றத்தில் சத்தம் போட்டுக்கொண்டு வரும் நம்மை விலங்குகள் முன்னாலேயே கண்டுகொண்டு விலகிவிடும். மூட்டுவலிக்காரர்களும் யோசிக்க வேண்டும், ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும்.

விலங்குதான் முக்கியம் என்றால் தெப்பம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, கொஞ்ச தூரம் நடந்து, மூங்கில் தெப்பத்தில் ஏரியைக் கடந்து, திரும்ப நடக்க வேண்டும், இதுவும் முழுநாள்தான். மோட்டார் சத்தம் கிடையாது, துடுப்புதான், அதனால் கரையில் மேயும் காட்டெருமையும் மிளாவும் சட்டென்று மிரள்வதில்லை. அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள் இன்னும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன, அவற்றில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருப்பதை அவ்வளவு பக்கத்தில் பார்க்கலாம். மார்ச், ஏப்ரலில் காட்டு ஓடைகள் வற்றி யானைக்கூட்டம் ஏரிக்கரைக்கு வரும்போது தெப்பத்துக்கு ஈடே இல்லை. வெயிலுக்குத் தொப்பி மறக்காதீர்கள், தண்ணீர் நடுவில் நிழல் கிடையாது.

இந்தக் காட்டின் வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் இதே காட்டில் வயணா (காட்டு இலவங்கப்பட்டை) மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள். 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களைக் காவலுக்கும் வழிகாட்டவும் சேர்த்துக்கொண்டது. மன்னான், பளியர் பழங்குடியினரும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். தேக்கடியை ஒட்டிய குமுளி வட்டாரத்தில் தமிழ் தாராளமாகப் புழங்கும், அதனால் கூச்சப்படாமல் "அண்ணே, இது என்ன தடம்?" என்று கேளுங்கள். சாணத்தைப் பார்த்தே யானை எப்போது கடந்தது என்று சொல்கிறவரோடு நடப்பதுதான் இந்தப் பயணங்களின் உண்மையான மதிப்பு, அதைப் பாதிப் பேர் செல்ஃபியில் தொலைத்துவிடுவது எனக்கு வருத்தம்தான்.

மூன்று மணி நேர நடை, நடக்கத் தெம்புள்ள பெரியவர்களோடு போகிறவர்களுக்கு. மேட்டுநிலம் அதிகமில்லை, மலை அணில், கருமந்தி, அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சிப் பறவையும் கண்ணில் படும். காலை முதல் நடையையே பிடியுங்கள், வெயில் ஏறிவிட்டால் காடு அமைதியாகிவிடும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எதில் போனாலும் ரத்தம் உறிஞ்சும் அட்டை உண்டு. முழங்கால் வரை வரும் துணி உறை தருவார்கள், பேன்ட்டை அதற்குள் செருகிவிட்டு மேலே நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டும், தளர்வாக விட்டால் அட்டை அந்த வழியாகவே உள்ளே போய்விடும். மூக்குப்பொடி தடவினாலும் கிட்டே வராது.

மூன்றிலும் ஆள் கணக்கு குறைவு, முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் குமுளி மலைச்சாலை நெரிசலாக இருக்கும். அந்த மாதங்களில் தேனியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம், முந்தின இரவே குமுளியில் தங்கிவிடுங்கள்.