ஹார்ட் ராக், பெகோஸ், கோஷீஸ்: பெங்களூரில் மாலையில் எந்தப் படி ஏறுவது?

1995 ஜூனில் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் கேஎஃப்சி தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தபோது ஊர் கொதித்தது. கோழியில் மோனோசோடியம் குளுடமேட் என்ற சுவையூட்டி அளவுக்கு மேல் இருக்கிறது என்று மாநகராட்சி உரிமத்தை ரத்து செய்தது. உயர் நீதிமன்றம் போய்த்தான் கடை மறுபடி திறந்தது. 1996 ஜனவரி 30 அன்று நஞ்சுண்டசாமியின் விவசாயிகள் அமைப்பான கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தார் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினார்கள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 2008இல், அங்கிருந்து நடந்தே போகக்கூடிய செயின்ட் மார்க்ஸ் ரோட்டில், ராக் இசையைக் கருவாக வைத்து அலங்கரித்த தீம் உணவகமான ஹார்ட் ராக் கஃபே வந்தது. இந்தியாவில் அது முதலில் வந்தது மும்பையில், 2006இல், வொர்லியின் பாம்பே டையிங் மில் வளாகத்தில். பெங்களூரில் யாரும் கல்லெடுக்கவில்லை. அதற்குள் ஐடி சம்பளம் வந்திருந்தது, வெளிநாட்டுப் பெயர்ப்பலகைகள் பழகிப்போயிருந்தன. இந்த முறை முணுமுணுத்தவர்கள் விவசாயிகள் அல்ல, ராக் ரசிகர்கள். "நமக்கே ராக் சொல்லித்தர வந்துட்டானுங்களா?" என்பதுதான் அந்த முணுமுணுப்பின் சாரம்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. டீப் பர்ப்பிள் 2001இல், ரோஜர் வாட்டர்ஸ் 2002இல், ரோலிங் ஸ்டோன்ஸ் 2003இல், அயர்ன் மெய்டன் 2007இல் என்று பேலஸ் கிரவுண்ட்ஸில் வந்து வாசித்துவிட்டுப் போன ஊர் இது. கிட்டார் கடையும் கல்லூரி பேண்டும் எண்பதுகளிலிருந்தே உண்டு. அதோடு பெகோஸ் என்ற ராக் பப் இருந்தது. ஆகவே ஹார்ட் ராக்கை பெகோஸோடு ஒப்பிடுவதுதான் முறை. கோஷீஸ் பழைய உணவகம், ராக் கடையே இல்லை. ஆனால் அதே செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் இருக்கிறது, வெளியூர் ஆள் வந்து "எங்கே போகலாம்?" என்று கேட்டால் ஹார்ட் ராக்கோடு மோதுவது அதுதான். அதனால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் சுவர்கள். தீம் உணவகம் என்றாலே சுவர்தானே சரக்கு.

ஹார்ட் ராக்கில் சுவரில் தொங்குவதெல்லாம் அசல். ஐசக் டிக்ரெட், பீட்டர் மோர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்கள் லண்டனில் நல்ல பர்கர் கிடைக்கவில்லை என்று 1971 ஜூன் 14 அன்று ஓல்ட் பார்க் லேனில் ஆரம்பித்த கடை அது. ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் தன் இருக்கைக்கு அடையாளமாக ஒரு கிட்டாரைக் கொடுக்க, "என்னுடையதும் அவனுடையதற்குச் சளைத்ததில்லை" என்று இன்னொரு கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட் இன்னொன்றை அனுப்ப, அப்படித் தொடங்கியது சுவர். இன்று அந்த நிறுவனத்திடம் 80,000க்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. அவை உலகெங்கும் உள்ள கிளைகளுக்குச் சுற்றிச் சுற்றி வருகின்றன. பெகோஸில் இருப்பதோ போஸ்டரும் பழைய படங்களும். அசல் என்று சொல்ல ஒன்றும் தேறாது. ஆனால் அந்தப் போஸ்டரின் ஓரம் மஞ்சளானது இதே ஊரின் சிகரெட் புகையில். 2008 அக்டோபர் 2க்குப் பிறகு பொது இடத்தில் புகைக்கத் தடை வந்ததால் இனிமேல் யாராலும் அந்த மஞ்சளை உண்டாக்க முடியாது.

"போலி" என்று ஹார்ட் ராக்கைத் திட்டுபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அங்கே உள்ள கிட்டார் உண்மை. பெங்களூரோடு அதற்குச் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான். நாளைக்கே அதைக் கழற்றிப் புனே கிளையில் மாட்டினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சம்பந்தமே இல்லை என்று முழுசாகச் சொல்லிவிடவும் முடியாது. எல்லா ஹார்ட் ராக் கிளையிலும் 'அனைவரையும் நேசி, அனைவருக்கும் சேவை செய்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஏதோ ஹிப்பி வாசகம் என்று வெளிநாட்டுக்காரன் நினைத்துக்கொள்வான். அது சத்ய சாய்பாபாவின் வாசகம். டிக்ரெட் அவருடைய பக்தர். தன் பங்கை விற்று வந்த பணத்தில் புட்டபர்த்தி சூப்பர் ஸ்பெஷாலிட்டி மருத்துவமனைக்கு அவர் பெரும் நன்கொடை கொடுத்தார். 1991இல் அது திறக்கப்பட்டது. ஒயிட்ஃபீல்டு ஆசிரமத்துக்கு பஸ் பிடித்துப் போன குடும்பங்கள் உள்ள ஊரில், லண்டன் பர்கர் கடையின் வாசகம் சுற்றிக்கொண்டு வீடு திரும்பியது ஒரு வேடிக்கை. நிறுவனம் இப்போது ஃபுளோரிடாவின் செமினோல் பழங்குடியினர் கையில் இருக்கிறது என்பது இன்னொரு வேடிக்கை.

அப்புறம் இசை. நான் எதிர்பார்க்காத பதில் இங்கேதான் வருகிறது. பெகோஸ் 1989இலிருந்து ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் ஒடுங்கிய மாடிப்படிகளோடு நிற்கிறது. டோர்ஸ், செப்பலின், பிங்க் ஃபிளாய்ட் என்று எந்தப் பாட்டை எப்போது போட வேண்டும் என்பது அங்கே தெரியும். ஹார்ட் ராக்கில் ஒரு சாதாரண மாலையில் வீடியோவோடு ஓடும் பாட்டுகளின் வரிசையில் அந்த ருசி கிடையாது. பிறந்தநாள் கொண்டாட்டம் நடுவில் வந்தால் கதை முடிந்தது. ஆனால் பெகோஸில் ஒலிப்பது பதிவு செய்த இசை. ஹார்ட் ராக்கில் மேடை இருந்தது, ஒலிக்கருவி இருந்தது, வியாழக்கிழமைகளில் இந்திய பேண்டுகளுக்கு வாசிக்க இடம் இருந்தது. சொந்தப் பாட்டு எழுதும் பேண்டுகளுக்குக் கல்லூரி விழாவைத் தாண்டி மேடை அரிதாக இருந்த காலம் அது. ஊர்ப் பெருமை பேசியவர்கள் பழைய பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பர்கர் விற்க வந்த சங்கிலிக் கடை புதுப் பாட்டுக்குக் காசு கொடுத்தது. எனக்கு பெகோஸ்தான் பிடிக்கும். இருந்தாலும் இந்தக் கணக்கில் ஹார்ட் ராக்குக்குத்தான் மார்க்.

கட்டிடத்திலும் அப்படியே. காலனிக் காலத்துக் கல் கட்டிடம் ஒன்றில்தான் ஹார்ட் ராக் உட்கார்ந்திருக்கிறது. இதே வட்டாரத்தில் எம்.ஜி. ரோட்டின் பிளாசா தியேட்டர் மெட்ரோ நிலையத்துக்காகப் போனது. ரெசிடென்சி ரோட்டு விக்டோரியா ஹோட்டல் இருந்த இடத்தில் மால் வந்தது. அந்த வரிசையில் பார்த்தால், கல் சுவரை இடிக்காமல் உள்ளே விளக்குப் போட்ட குத்தகைதாரரைப் பெரிதாகத் திட்ட மனம் வரவில்லை.

சாப்பாட்டில் போட்டியே இல்லை, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் ராக் பர்கர் கனமானது, விலையும் கனமானது. பெகோஸில் பீருக்குத் துணையாக பீஃப் சில்லி மாதிரி ஏதாவது போதும், சாப்பிடப் போகும் இடம் அல்ல அது. கோஷீஸில் ஆப்பமும் ஸ்டூவும் இருக்கின்றன.

கோஷீஸ் கதை வேறு. 1940இல் பேக்கரியாகத் தொடங்கி, ஐம்பதுகளில் உணவகமான மலையாள சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்துக் கடை. நேரு வந்து சாப்பிட்டதாகச் சொல்வார்கள். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏசி பகுதிக்கு ஜுவல் பாக்ஸ் என்று பெயர், ஆனால் வாடிக்கையாளர்களின் உயிர் மின்விசிறி சுற்றும் வெளிக் கூடத்தில்தான். அங்கே பாட்டே கிடையாது. ஒரு காபியை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள், சர்வர் உங்களை மறக்கவும் மாட்டார்.

இந்த உட்காரும் நேரம்தான் மூன்றுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் என்று நினைக்கிறேன். தீம் உணவகத்தின் பிழைப்பு ஒருமுறை வருகிறவரிடம். அவர் சாப்பிடுவார், படம் எடுப்பார், வாசலில் ஊர்ப் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட் வாங்குவார், எழுந்துவிடுவார். கோஷீஸின் பிழைப்பு நாளைக்கும் வரப்போகிறவரிடம். பெகோஸ் நடுவில் நிற்கிறது: கல்லூரிக் காலம் முழுக்க வந்துவிட்டு, கல்யாணமானதும் காணாமல் போகிறவர்கள் அதன் கூட்டம். அதனால்தான் ஹார்ட் ராக் வந்த பிறகு இந்த இரண்டில் எதுவும் மூடவில்லை. ஒரே ஆளுக்காக மூன்று கடையும் அடித்துக்கொள்ளவில்லையே.

இதற்கு மாறாக ஒரு வாதம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனம் கொடுக்கிற வாடகைதான் அடுத்த கட்டிடத்துக்கும் அளவுகோல் ஆகிறது, பழைய சின்னக் கடைகளால் அதைத் தாங்க முடியாது என்பதுதான் அது. சான் பிரான்சிஸ்கோவில் 2004இலேயே இதற்காகச் சட்டம் போட்டார்கள்: ஒரே பெயரில் பதினொன்று அல்லது அதற்கு மேல் கடை வைத்திருப்பவர் சங்கிலிக் கடைக்காரர், பல வட்டாரங்களில் அவருக்குத் தனி அனுமதி வேண்டும், சிலவற்றில் இடமே இல்லை. பெங்களூரில் அப்படி எதுவும் கிடையாது. இருந்திருந்தாலும் செயின்ட் மார்க்ஸ் ரோட்டைக் காப்பாற்றியிருக்குமா என்பது சந்தேகம். பழைய பப்புகளின் கூட்டத்தை இழுத்துப் போனது ஹார்ட் ராக் அல்ல. 2010இல் இந்திராநகரில் டோயிட் தொடங்கி அடுத்தடுத்து வந்த, தங்கள் பீரைத் தாங்களே காய்ச்சும் மைக்ரோப்ரூவரிகள். அவை பெரும்பாலும் உள்ளூர் முதலாளிகளுடையவை. பெகோஸே வேறு இடங்களில் கிளை திறந்துவிட்டது, அதை யாரும் சங்கிலி என்று சொல்வதில்லை.

இன்னொன்று, பழைய ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுவது: எல்லாருக்கும் பெகோஸ் படி ஏறுவது சுலபமாக இருந்ததில்லை. தனியாக வரும் பெண்கள், அம்மா அப்பாவோடு வருகிறவர்கள், பீர் குடிக்காதவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் அந்த அரை இருட்டுக்கு வெளியேதான் நின்றது. ஹார்ட் ராக்கில் பாட்டியைக்கூட உட்கார வைக்கலாம். பாட்டி காதைப் பொத்திக்கொள்வார், அது வேறு விஷயம்.

சரி, எங்கே போவது? சென்னையிலிருந்து சதாப்தியில் வந்து இறங்கும் மச்சானுக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது, ராக் பிடிக்கும் என்றால் பெகோஸ். சின்ன ஸ்கேலில் இருந்தாலும் அது இந்த ஊரில் மட்டும் கிடைப்பது. பேச வேண்டியது நிறைய இருந்தால் கோஷீஸ், வெளிக் கூடத்தில். ஹார்ட் ராக்குக்கு மேடையில் பேண்ட் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள், யார் வாசிக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு. பேண்ட் இல்லாத நாளில், அலுவலகக் கூட்டத்தோடு போனால் ஒழிய, அங்கே எனக்கு வேலை இல்லை. டி-ஷர்ட் மட்டும் வேண்டுமென்றால் சாப்பிடாமலே வாங்கிக்கொண்டு கோஷீஸுக்கு நடந்துவிடலாம்.