ரெண்டரை அடி முயல் கூண்டு: பத்து மாத அனுபவம்

நாகர்கோவிலில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் போன வருஷம் வாங்கிய முயல் கூண்டைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம், இதே கூண்டு வேறு கடைகளிலும் தொங்குகிறது. நீளம் இரண்டரை அடி, அகலம் ஒன்றரை அடி, உயரமும் ஒன்றரை அடிதான். சுற்றிலும் அடியிலும் கம்பி வலை, கீழே இழுத்து எடுக்கிற பிளாஸ்டிக் தட்டு, முன்பக்கம் கொக்கி போட்ட கதவு. ஒரு தண்ணீர் பாட்டிலும் தீவனக் கிண்ணமும் சேர்த்து 2,800 ரூபாய். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன், அதில் ஒன்று பாட்டிலுக்கு.

"அண்ணாச்சி, ரெண்டு முயலுக்கு இது காணுமா?" என்று கேட்டேன். "ரெண்டா? நாலு விட்டாலும் கிடக்கும். காட்டுல ஒரு பொதரு கிடைச்சா அதுக்குள்ள சுருண்டு கிடக்குற சீவன்தானே" என்றார். தலையாட்டிவிட்டு வாங்கி பைக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சொன்னது நம்மூர்க் காட்டு முயலின் கதை என்பது பிறகுதான் விளங்கியது. அது வேறு இனம், புல்லில் லேசாகக் குழிந்த இடத்தில் படுத்துக்கொள்ளும், அதன் குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் ரோமமும் திறந்த கண்ணுமாக இருக்கும். அதை வீட்டில் வைத்திருந்தால் 1972-ஆம் வருட வன உயிரினச் சட்டத்தில் கேஸ் ஆகும். கடையில் விற்பது ஐரோப்பிய முயலின் வழிவந்தது. மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த சாதி, குட்டியும் கண்மூடி ரோமமில்லாமல்தான் பிறக்கும். அதாவது ஓடுவதும் தோண்டுவதும் சட்டென்று ஒளிவதும்தான் அதன் பிழைப்பு. இந்தக் கூண்டில் மூன்றில் ஒன்றுகூட நடக்காது.

எங்கள் வீட்டில் இரண்டு பெட்டை முயல்கள். வெள்ளைக்கு முட்டை என்றும், பழுப்பும் கறுப்புமாகக் கலந்து கிடப்பதற்கு மிச்சர் என்றும் மகள் பெயர் வைத்தாள். மிச்சர் பின்னங்காலில் நிமிர்ந்து நின்றால் காது கூரைக் கம்பியில் மடியும். இரண்டு தாவல், முடிந்தது கூண்டு. ஒன்று நீட்டிப் படுத்தால் மற்றது மூலையில் ஒடுங்க வேண்டும். மூன்றாவது வாரம் முட்டையைத் தூக்கிப் பார்த்தபோது பின்னங்கால் குதியில் ரோமம் உதிர்ந்து, தோல் செக்கச்செவேலென்று இருந்தது. பூனைக்கும் நாய்க்கும் இருக்கிற மாதிரி முயலுக்கு உள்ளங்காலில் மெத்தைச் சதை கிடையாது, ரோமம்தான் மெத்தை. கம்பித் தரையில் அது தேய்ந்தால் அடுத்தது புண். பழைய கோரைப்பாயை வெட்டி விரித்தேன், இரவோடிரவாகப் பாதியைத் தின்றுவிட்டார்கள். அப்புறம் பலகைத் துண்டும் அதன்மேல் மடித்த சணல் சாக்கும் போட்டதும் சரியாயிற்று.

துருவையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவில், கடல் இரைச்சல் கேட்கிற தூரம். உப்புக்காற்று ஒரு பக்கம், முயல் மூத்திரம் ஒரு பக்கம், நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் வேறு. ஐந்தாம் மாதமே மூலை பற்றவைப்புகள் விட்டுப்போய் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. உள்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் தாங்கலாம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். எனக்குக் கூண்டின்மேல் கோபம் வந்தது ஒரு பூனையால்.

பக்கத்து வீட்டுச் சாம்பல் கடுவன் ஒன்று தினமும் மதிலில் வந்து உட்காரும். ஒருநாள் இறங்கி வந்து கூண்டைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றியது, கம்பியைத் தொடக்கூட இல்லை. மிச்சர் உள்ளே அங்குமிங்கும் முட்டி மோதி, மூக்கில் ரத்தம் வந்து, பூனை போய் ஒரு மணி நேரம் கழித்தும் கண் வெளியே பிதுங்கியபடி கல்லாக உட்கார்ந்திருந்தது. பயத்திலேயே செத்துவிடுமோ என்று தோன்றியது. முயல் விஷயத்தில் அப்படி நடப்பதும் உண்டு.

பிறகு இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம் முற்றத்தில் இரண்டையும் திறந்துவிட்டு நான் தென்னை மூட்டில் உட்கார்ந்திருந்தேன். அதே கடுவன் மதிலிலிருந்து குதித்தது. நான் எழுந்து கம்பைத் தேடுவதற்குள் மிச்சர் பின்னங்காலால் 'தொம்' என்று தரையில் ஓர் அடி அடித்து, காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு, நாய்க்குட்டி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டு நேராகப் பூனை மேலேயே பாய்ந்தது. முன்னங்கால் இரண்டாலும் முகத்தில் இரண்டு குத்து. பூனை தேங்காய் மட்டைக் குவியல்மேல் ஏறி, அங்கிருந்து மதில், மதிலிலிருந்து அதன் வீடு. முயலுக்குச் சத்தமே கிடையாது என்று நினைத்திருந்த எனக்கு அந்த உறுமல் இன்னும் காதில் இருக்கிறது.

அதே முயல், அதே பூனைதான். நடுவில் மாறியது இடம் மட்டும். எட்டு அடிக்குப் பின்னால் அம்மி வைத்த திட்டும் அதன் அடியில் நுழையப் பொந்தும் இருந்ததால்தான் அதற்கு அந்தத் துணிச்சல். ஓட வழி இருந்தால் நின்று பார்க்கும், வழி இல்லையென்றால் பயத்திலேயே செத்தும் போகலாம். பெட்டை முயலுக்குத் தன் இடம் என்ற நினைப்பு அதிகம் வேறு.

அப்புறம் அடுக்களை வாசலில் கோழிகள் கிடந்தன, அவற்றோடு பழகியதையும் சொல்ல வேண்டும். முட்டை நேராகப் போய்க் கறுப்புக் கோழியின் முன்னால் தலையைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. பணிவு என்று நினைத்தேன், இல்லை, 'என்னை நக்கிவிடு' என்று முயல்கள் ஒன்றையொன்று அதிகாரம் பண்ணுகிற விதம் அது. கோழிக்கு அது தெரியுமா? காதில் ஒரு கொத்து. ஐயம்மா, போய்விடும் என்று பார்த்தால், திரும்ப வந்து அதே இடத்தில் தலையை வைக்கிறது. எங்கள் கிழட்டு நாய் டைகரை மட்டும் மூன்று மாதம் சங்கிலியோடுதான் அருகில் விட்டேன். இப்போது மிச்சர் அதன் காலில் தாடையைத் தேய்த்துவிட்டுப் போகும். தாடைக்கு அடியில் இருக்கிற சுரப்பியின் வாசனையைப் பூசி, இது என் சாமான் என்று வைக்கிற அடையாளம் அது. டைகர் கண்ணைக்கூடத் திறப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே நாயையும் முயலையும் ஒன்றாக அவிழ்த்துவிடாதீர்கள். பூனை நகம் ஒன்று கீறினாலே காயம் சீழ் பிடிக்கும், டாக்டரிடம் ஓட வேண்டும். நான் பக்கத்தில் இல்லாமல் இன்றுவரை விட்டதில்லை. ராத்திரி மரநாய் ஓட்டில் நடப்பது, உள்ளங்கையால் தரையில் தட்டுவதுபோல முயல்கள் பின்னங்காலால் மாறிமாறித் தட்டுகிறபோதுதான் நமக்கே தெரிகிறது.

சரி, இடம் எவ்வளவு வேண்டும்? பிரிட்டனில் ராபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் அண்ட் ஃபண்ட் என்று ஓர் அமைப்பு, இரண்டு முயலுக்குக் குறைந்தது 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்கிறது. நம் கணக்கில் ஏறக்குறைய பத்தடிக்கு ஆறரை அடி. இந்தக் கூண்டு மாதிரி பதினேழு கூண்டைத் தரையில் வரிசையாக வைத்தால்தான் அந்த இடம் வரும்! வீட்டில் மாடு இல்லாமல் தொழுவம் சும்மா கிடந்தது, அதில் பத்தடிக்கு ஏழடி வலை அடித்தேன். தோண்டி வெளியே போகாமலிருக்க மண்ணுக்கு அடியிலும் வலை விரித்து, மேலே அரையடி மண் கொட்டினேன். ஓட்டுக் கூரை என்பதால் வெயில் காலத்திலும் தாங்குகிறது. 30 டிகிரிக்கு மேல் போனால் முயல் திணறிவிடும், மத்தியானம் ஐஸ் பிடித்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தால் அதன்மேல் காதைச் சாய்த்துக்கொண்டு கிடக்கும். கம்பிக்கும் கூலிக்கும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் 2,800 மிச்சம்.

கூண்டைத் தூக்கிப் போடவில்லை. கதவைக் கழற்றிப் பரணில் எறிந்துவிட்டு, மூலையில் நீட்டிய கம்பிகளை மடக்கி, மேலே சாக்கு போட்டு மூடித் தொழுவத்தின் ஓர் ஓரத்தில் வைத்தேன். இருட்டுப் பொந்து என்ற வகையில் நல்ல பொருள்தான், இரண்டாவது நட்சத்திரம் அதற்கு. பயந்தால் இரண்டும் அதற்குள்தான் ஓடுகின்றன. போன வாரம் கறுப்புக் கோழி அதற்குள் போய் முட்டையிட்டுவிட்டு வந்தது. எடுக்கக் கையை விட்டேன், மிச்சர் அந்தப் பூனை உறுமலை எனக்கும் காட்டியது. முட்டை இன்னும் உள்ளேதான் இருக்கிறது.