சைலன்சர் மாற்ற நான்கு வழிகள்: பூ ஏற்றும் குட்டியானைக்கு எது தோது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் என் மூட்டையை அவிழ்த்த வியாபாரி, ஒரு கை மல்லிகையை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். உடனே முகம் சுளித்தார். "என்னண்ணே, பூவில் புகை வாடை அடிக்கிறதே?" என்றார். கிலோவுக்கு எவ்வளவு குறைத்தார் என்பதை எழுத மனமில்லை. வண்டிக்குப் புது சைலன்சர் மாட்டி அன்றைக்குப் பதினோராவது நாள்.

வண்டி 2014 மாடல் டாடா ஏஸ். குட்டியானை என்றால்தான் நம் பக்கத்தில் தெரியும். உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பறித்த பூவை வெயில் ஏறுவதற்குள் மதுரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. உரிமையாளர், ஓட்டுநர், சுமை தூக்குபவர் எல்லாம் நானே. இரண்டு மாதத்தில் இந்த ஒரு தகரப் பெட்டிக்காக மூன்று பட்டறை ஏறி இறங்கியதில், இருக்கிற நான்கு வழிகளில் இரண்டைப் பட்டும் இரண்டை விசாரித்தும் தெரிந்துகொண்டேன்.

சைலன்சர் ஏன் இற்றுப்போகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வெளியே போகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறி, அந்த ஈரம் வெளியேறிவிடும். தோட்டம் தோட்டமாக நின்று நின்று போகும் வண்டியில் அது உள்ளேயே குளிர்ந்து தேங்கும். புகையில் உள்ள கந்தகமும் அதில் சேர்ந்தால் அமிலம். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்தகடு அப்பளமாகியிருக்கும்.

முதல் வழி, ஒட்டு வெல்டிங். நானும் இதில்தான் தொடங்கினேன். 400 ரூபாய், அரை மணி நேரம், சத்தம் நின்றது. மூன்றே வாரத்தில் ஒட்டுக்கு இரண்டு விரல் தள்ளிப் புது ஓட்டை. இற்ற துணியில் ஒட்டுப் போட்டால் பக்கத்தில்தானே கிழியும்? ஆனால் வெல்டிங்கை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். விரிசல் சைலன்சரின் வயிற்றில் இல்லாமல், தகடு கனமாக உள்ள குழாயிலோ, இரு குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வளையமான ஃபிளாஞ்சின் ஓரத்திலோ இருந்தால் வெல்டிங்தான் சரி. அதற்குப் போய்ப் புது சைலன்சர் வாங்குவது வீண் செலவு. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் வயிற்றைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் தகட்டில் உயிர் இருக்கிறது. பொத்தென்றால் ஒட்டு தாங்காது. ஆர்க் வெல்டிங் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் உள்ள டயோடு போகலாம். என் வண்டியில் கழற்றவில்லை. பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, காயலான் கடையில் பழைய சைலன்சர். இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. குலுக்கினால் உள்ளே கலகலவென்றால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது என்று பொருள். அளவுக்கு மீறிக் கனத்தால் கரி அடைத்திருக்கிறது. இரண்டும் இல்லாவிட்டாலும் அதன் மிச்ச ஆயுளை யாராலும் சொல்ல முடியாது. மாடலுக்கு மாடல் குழாயின் வளைவு வேறு வேறு. பொருந்தாததை வெட்டி ஒட்டுவதற்குள், மிச்சம் பிடித்த காசு வெல்டிங் கூலியாகப் போய்விடும். வண்டியை விற்கப் போகிறவருக்கு வேண்டுமானால் இது தோதாகலாம்.

மூன்றாவது, ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும் வெளிக் கம்பெனிப் புதுச் சைலன்சர். எனக்கு 2,600 ரூபாய்க்குக் கிடைத்தது. நான்காவது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரிஜினல். அங்கே கேட்டபோது விலை ஏறத்தாழ இரட்டிப்பு, கூலி தனி, பொருள் வர மூன்று நாள் என்றார்கள். மூன்று நாள் பூ ஏற்றாமல் நின்றால் விலை வித்தியாசத்தைவிட அந்த நட்டம் பெரிது. முகூர்த்த மாதம் வேறு.

இந்த இரண்டையும் பொருளாக மட்டும் எடைபோட்டால் ஒரிஜினல்தான் மேல். துளைக்குத் துளை பொருந்தும், அலுமினியப் பூச்சுள்ள தகடு துரு தாங்கும், பில்லோடு வாரண்டியும் உண்டு. வெளிக் கம்பெனியில் நல்லதும் இருக்கிறது, தகர டப்பாவும் இருக்கிறது. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே உத்தமம். நீளம், தாங்கிகள் நிற்கும் இடம், முக்கியமாக நுழைவுக் குழாயின் உள்விட்டம். குழாய் சிறுத்தால் புகை பின்னோக்கி அழுத்தும். மேட்டில் இழுவை குறையும், டீசல் கூடுதலாகக் குடிக்கும்.

உங்களுடையது பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிப்படி வந்த வண்டியாக இருந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்பனைக்கு வந்த டீசல் வண்டிகளில் புகைக்குழாய் வெறும் குழாய் அல்ல. வினையூக்கி, கரித்துகள் வடிகட்டி, சென்சார் எல்லாம் அதிலேயே கோத்திருக்கின்றன. நேராகக் கம்பெனிக்கே போங்கள். வடிகட்டியை வெட்டியெடுத்துவிட்டு வெறுங்குழாய் வைத்துத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைக்காரரிடம் நிற்கவே நிற்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் சத்தத்துக்கும் புகைக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

இனி என் பதினோரு நாள் கதை. பெரிய பலகை மாட்டிய ஒரு பட்டறையில், நான் வாங்கிப் போன சைலன்சரை 700 ரூபாய் கூலிக்கு மாட்டினார்கள். "அண்ணே, நீங்கள் வெளியே உட்காருங்கள், டீ சொல்கிறேன்" என்றார் அங்கிருந்த தம்பி. அந்த டீயைக் குடித்ததுதான் நான் செய்த தப்பு.

பூவில் வாடை வந்ததும் அதே இடத்துக்குத் திரும்பப் போனேன். ஸ்பானரால் நாலு திருகு திருகி, "பார்ட்டில்தான் கோளாறு, நாங்கள் என்ன செய்வது?" என்றார்கள். பார்ட் விற்ற கடையிலோ, "மாட்டியதில்தான் கோளாறு" என்றார்கள். வேறு வழியில்லாமல் கே.புதூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வண்டியை விட்டேன். பெரியவர் ஒருவர் சாக்கை விரித்து அடியில் படுத்தார். "நீயும் வந்து பார்" என்று என்னையும் கூப்பிட்டார்.

முன் ஃபிளாஞ்சில், இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடாமல் பழையதையே திரும்பப் போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி மையிட்டதுபோல் கரி. ரப்பர் தாங்கி அறுந்திருந்த இடத்தில் புது ரப்பர் போடாமல், சைலன்சரின் கொக்கியை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேர்த்து வெல்டிங் அடித்திருந்தார்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடிக்கொண்டிருக்கும் பொருள். அதோடு சேர்ந்து ஆட முடியாத குழாய் எங்கே பலவீனமோ அங்கே வாய் பிளக்கும். பிளந்த இடத்துக்கு நேர் மேலே பூமூட்டை அடுக்கும் தட்டு. போதாததற்கு, டீசல் லைனுக்கும் சூடான குழாய்க்கும் இடையே ஒரு விரல்கூட நுழையவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 113-ஆம் விதி அங்கே 35 மில்லிமீட்டர் இடைவெளி கேட்கிறது.

பெரியவர் சைலன்சரை மாற்றவில்லை. அதையே கழற்றி, பிளந்த வாயை அடைத்து, புது கேஸ்கெட், இரண்டு ரப்பர், ஒரு கிளாம்ப் போட்டு மாட்டினார். பொருளும் கூலியுமாக 850 ரூபாய். நான் பதினோரு நாளாகத் திட்டிக்கொண்டிருந்த அதே 2,600 ரூபாய்ச் சைலன்சர் இன்றைக்கும் வாய் திறக்காமல் ஓடுகிறது.

ஆகவே யாராவது மூன்றாவது வழியா நான்காவது வழியா என்று என்னைக் கேட்டால், எந்தக் கடையில் உங்களை அடியில் பார்க்க விடுவார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். பார்க்க விடுகிற பட்டறை கிடைத்தால் வெளிக் கம்பெனிப் பொருள் எனக்குப் போதும். கிடைக்காவிட்டால் கூடுதல் காசு கொடுத்துக் கம்பெனிக்குப் போவதே மேல். அங்கும் அடியில் விடமாட்டார்கள், ஆனால் வேலை கெட்டால் பில்லைக் காட்டிக் கேட்கலாம். பணம் கொடுக்கும் முன் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, மடித்த சாக்கால் வால்குழாயைச் சில நொடி மூடச் சொல்லுங்கள். எங்காவது கசிந்தால் உஸ்ஸென்று காட்டிக்கொடுக்கும். கழற்றிய பழைய கேஸ்கெட்டைக் கையில் வாங்குங்கள். தரத் தயங்கினால் அது இன்னும் வண்டியில்தான் இருக்கிறது.

வேலை கெட்டுப்போனால் என்ன செய்வது? அதே கடைக்கு ஒருமுறை போவது நியாயம். இரண்டாவது முறை போவது ஒரு நாள் பிழைப்பு நட்டம். வேறு பட்டறைக்குப் போவதானால், அங்கே ஸ்பானர் படுவதற்கு முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ட குறையைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். சரிசெய்த பிறகு சாட்சியம் ஏதும் மிஞ்சாது. மூன்றாவது, நுகர்வோர் ஆணையம். லாரி, வேன் வைத்திருப்பவர்கள் தங்களை வணிகர் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வண்டி வைத்திருப்பவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று ஒதுக்கவில்லை. புகார் தர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டு முதலில் யோசனையும் கேட்கலாம்.

எனக்கு அவ்வளவு தூரம் போக நேரவில்லை. படங்களையும் பெரியவர் கையெழுத்திட்ட பில்லையும் அந்தப் பெரிய பலகைக் கடையின் மேஜையில் வைத்தேன். முதலாளி இரண்டு முறை பார்த்தார், அந்தத் தம்பியை ஒரு முறை பார்த்தார், 700 ரூபாயை எண்ணி வைத்தார். பூவில் போன காசுக்கு என்னிடம் ரசீது இல்லை; கேட்கவும் இல்லை.

மாட்டுத்தாவணி வியாபாரி மற்றவர்கள் மூட்டையை அப்படியே தராசில் ஏற்றுகிறார். என் மூட்டையை மட்டும் இன்னும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வைக்கிறார்.